கன்னத்தை அழித்தவன்

எம். புதுப்பட்டிக்குப் போகிற சாலையில் ஒரு டீக்கடை. அதன் பின்னால் விறகுக் குவியலின் மேல் பழைய கல்யாண பேனர் ஒன்றைப் போர்த்தியிருக்கிறார்கள். பொண்ணும் மாப்பிள்ளையும் மடிப்புக்குள் போய்விட்டார்கள். வெளியே தெரிவது பொண்ணுடைய அப்பா மட்டும்தான். ரோஸ் உதடு, உரித்த முட்டை மாதிரிக் கன்னம், பின்னால் ஏதோ பனிமலை. அங்கே டீ குடிக்க நின்றால் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்பேன். அந்த முகத்தைச் செய்தவன் நான்.

அவரைப் போர்மேன் மாமா என்போம். எங்கள் தெருக்காரர், பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். வெடிமருந்து அறையில் தீப்பிடித்த அன்று அவருடைய இடது கன்னம் காதிலிருந்து தாடை வரை வெந்துபோனது. ஆறியபோது தோல் சுருங்கி இழுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அவர் படமே எடுத்துக்கொண்டதில்லை. விசேஷ வீட்டில் கேமரா அவர் பக்கம் திரும்பினால் பந்திக்கு நழுவிவிடுவார். நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, சிவகாசியில் ஒரு ஸ்டுடியோவில் படம் எடுக்கவும் கம்ப்யூட்டரில் திருத்தவும் பழகியிருந்தேன். அவரை விடுவேனா? "என்ன மாமா, கேமராவைக் கண்டா சரவெடியைக் கண்ட மாதிரி ஓடுறீக?" என்பேன். "உன் மூஞ்சியைக் கண்டுதாம்லே ஓடுறேன்" என்பார்.

மகள் கல்யாணத்துக்காகத்தான் ஸ்டுடியோ படி ஏறினார். அப்பா முகம் இல்லாமல் பேனரே வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாளாம். கோயம்புத்தூருக்கு வாழப் போகிறவள் கையோடு கொண்டுபோகவும் அந்தப் படம்தான். விளக்கைப் போட்டதும் மாமா விறைத்துவிட்டார். ஸ்டூலை வாசல் பக்கம் இழுத்துப் போட்டு, கிண்டல் செய்துகொண்டே, நல்ல கன்னம் தெரிகிற மாதிரித் திரும்பச் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார். பிறகு வெந்த கன்னத்தையே காட்டினார்.

"இந்தப் பக்கமே எடுலே. அவ சின்னப்பிள்ளையில இதைத் தடவிக்கிட்டேதான் தூங்குவா."

வாசல் வெளிச்சத்தில் ஒவ்வொரு சுருக்கமும் தெரிய, கண்ணில் பாதிச் சிரிப்போடு ஒரு படம் விழுந்தது. ஐம்பது வருஷம் கழித்து யார் பார்த்தாலும் அந்த மனுஷனைத் தெரிந்துகொள்ளலாம். அப்படி ஒன்றை அதற்கு முன்னும் நான் எடுத்ததில்லை, பின்னும் எடுத்ததில்லை.

நல்ல படம் என்று தெரிந்தேதான் கெடுத்தேன். அந்த சீசனில் ஊரில் எல்லா பேனரிலும் ஒரே முகம்தான், வழவழவென்று, வெள்ளையாக. என் கையும் அந்தப் போக்கிலேயே ஓடியது. மாமா அசந்துபோவார் என்று சிரித்துக்கொண்டே கன்னத்தை அழித்தேன். எப்போதும்போல, நகல் வைக்காமல் அதே படத்தின் மேலேயே சேவ் செய்தேன். கேமரா கார்டில் இருந்ததையும் அடுத்த ஆர்டருக்காக அழித்தாயிற்று.

கல்யாணத்தன்று மண்டப வாசலில், பேனருக்குக் கீழேயே நின்று வந்தவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தார் மாமா. மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் பேனரை அண்ணாந்து பார்த்துவிட்டு, பொண்ணுடைய அப்பா எங்கே என்று அவரிடமே கேட்டார். "நாந்தாங்க" என்றார் மாமா. கேட்டவரின் பார்வை மாமாவின் வெந்த கன்னத்தில் போய் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. பக்கத்தில்தான் நான் நின்றேன். மாமா என்னை வையவில்லை.

"மூஞ்சி நல்லாத்தாம்லே இருக்கு. யாரு மூஞ்சி?"

ஊருக்குக் கிளம்புவதற்கு முன் மகள் ஸ்டுடியோவுக்கு வந்தாள். திருத்தாத படம் ஒன்று போதும் என்றாள். இல்லை என்றேன். சும்மா விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். ஊரையே கேலி செய்து திரிந்த வாய்க்கு அது வேண்டியதுதான். மறுநாள் கேமராவைத் தூக்கிக்கொண்டு மாமா வீட்டுக்கு ஓடி, இன்னொரு தடவை உட்காரச் சொல்லிக் கெஞ்சினேன். உள்ளே குரல் கொடுத்து எனக்குக் காப்பி தரச் சொன்னார். உட்கார மட்டும் மாட்டேன் என்றுவிட்டார்.

"ஒருக்காத்தாம்லே துணிஞ்சேன்."

இப்போது முகத்தைப் பொம்மைப் படம் மாதிரி மாற்றித் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். நானும் மாற்றிக் கொடுக்கிறேன். என் விரல்களைப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருக்கிறது. டீக்கடைக்காரர் விறகு எடுக்கும்போதெல்லாம் பேனரைத் தூக்கி உதறிப் போடுகிறார். பனிமலை வெளுத்துவிட்டது, சட்டை வெளுத்துவிட்டது, ஓரமெல்லாம் கிழிந்துவிட்டது. அந்தக் கன்னம் மட்டும் ஒரு சுருக்கம் விழாமல் அப்படியே இருக்கிறது.