மொக்கைச்சாமியின் எடை

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை, மார்க்கையன்கோட்டையிலிருந்து சின்னமனூருக்கு ஒரு டி.வி.எஸ். வண்டி புறப்பட்டது. ஓட்டியவர் சுந்தரலிங்கம். பின்னால் உட்கார்ந்திருந்தவள், இறந்துபோன மொக்கைச்சாமியின் ஒரே மகள் சிம்ரன். முன்பக்கம் கால் வைக்கும் இடத்தில் இருபது கிலோ எடைக்கற்கள் மூன்று இருந்தன.

"சிமிட்டி மூட்டை ஏத்துற மாதிரி ஏத்திட்டியே ஆத்தா. எதுக்கு இம்புட்டுக் கல்லு?"

"தராசைச் சோதிக்கணும் சித்தப்பா. மெசினையும்."

சுந்தரலிங்கம் சொந்தச் சித்தப்பா இல்லை. அவர் மொக்கைச்சாமியின் கூட்டாளி. நாற்பது வருடப் பழக்கம்.

சிம்ரன் டயாலிசிஸ் மெசின்களைப் பழுது பார்க்கும் எஞ்சினியர். மதுரையில் வேலை. சின்னமனூர் டயாலிசிஸ் மையத்திலிருந்த ஆறு மெசின்களும் அவள் பொறுப்பு. மூன்றாம் எண் மெசினைப் பிரித்துப் பூட்டி, சரி என்று அவள் கையெழுத்துப் போட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய்க்கிழமை அந்த மெசினில் அப்பா படுத்தார். புதன் காலை எட்டு மணிக்கு, நுரையீரலில் நீர் கோத்து, மூச்சு முட்டி, வீட்டு வாசலில் இறந்தார். உடம்பிலிருந்து எடுக்க வேண்டிய நீரை மெசின் எடுக்காமல் விட்டிருந்தால், தவறு அவள் கையெழுத்தில் இருக்கிறது. பதினாறு நாளும் அவள் அழவில்லை. முதலில் இது தெரிய வேண்டும்.

மொக்கைச்சாமி கபடி ஆடியவர். லெப்ட் கார்னர். பாடி வருகிறவனின் கணுக்காலைப் பிடித்து, அவன் கோட்டுக்குத் திரும்பாமல் இழுத்துப் போடுகிற இடம் அது. பாடிப் போகிறவனுக்குத்தான் மைக்கில் பெயர் சொல்வார்கள், மாலை போடுவார்கள். கார்னரில் நிற்பவனுக்கு வாய் நிறைய மண்ணும் தாடையில் உதையும் கிடைக்கும். பதினாறு வருடம் அவர் அந்த மூலையை விட்டு நகரவில்லை. அதே அணியின் மறு மூலையில், ரைட் கார்னரில், சுந்தரலிங்கம்.

பத்தொன்பது வயதில் ஊர் அணி. இருபத்திரண்டில், தேனிப் பக்கம் ஒரு நூல் மில் தன் அணிக்கு ஆள் தேடியபோது வேலை கிடைத்தது. மாவட்டத்துக்காக நான்கு முறை ஆடினார். இருபத்தொன்பதில், குச்சனூரில் ஒரு போட்டியில் இடது முழங்கால் திருகிக்கொண்டது. அதன் பிறகும் ஆறு வருடம் ஆடினார். ஆட்டத்துக்கு முன் ஒரு வலி ஊசி, பின் ஒன்று. மில் மூடியதும் லாரியில் வாழைத்தார் ஏற்றப் போனார். அப்போது வலி மாத்திரை. ஐம்பத்தைந்தில் இரண்டு சிறுநீரகமும் போயின. எத்தனை ஊசி போட்டிருப்பீர்கள் என்று டாக்டர் கேட்டார். "கையெடுத்துக் கும்பிட்ட சாமியவே எண்ணல, ஊசியவா எண்ணுவாக?" என்றார்.

போட்டிகள் எடைப் பிரிவில் நடக்கும். அவருடையது அறுபத்தைந்து கிலோ. உடம்போ அறுபத்தெட்டு. ஒவ்வொரு போட்டிக்கும் அந்த மூன்று கிலோவைக் கழிக்க வேண்டும். இரண்டு நாள் தண்ணீர் குடிக்க மாட்டார். வெயிலில் கம்பளிச் சட்டை போட்டு ஓடுவார். புளியை வாயில் அடக்கிக்கொண்டு எச்சிலைத் துப்பிக்கொண்டே இருப்பார். தராசை விட்டு இறங்கியதும் ஒரு குடம் தண்ணீர் குடிப்பார். எடை கூடி ஒருதரம்கூட வெளியே அனுப்பப்படவில்லை என்பதைக் கோப்பைகளைவிடப் பெரிதாகச் சொல்வார்.

டயாலிசிஸ் தொடங்கிய அன்று நர்ஸ் ஏஞ்சல் விதிகளைச் சொன்னாள். தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும். வரும்போது ஒருதரம், போகும்போது ஒருதரம் எடை. ஒரு முறை போய் அடுத்த முறை வருவதற்குள் கூடிய எடை முழுக்க உடம்பில் நிற்கும் நீர். அவ்வளவையும் மெசின் எடுக்கும். இரண்டு கிலோவுக்கு மேல் கூடி வரக் கூடாது; ஒரே நாளில் அதிக நீர் எடுத்தால் கெண்டைக்கால் இழுக்கும்.

"நமக்குத் தெரிஞ்ச ஆட்டந்தான் தாயி" என்றார் மொக்கைச்சாமி.

மையத்தில் ஏஞ்சல் வாசலிலேயே நின்றிருந்தாள். "அக்கா, அன்னைக்கு ரெண்டு லிட்டர் வச்சேன், ரெண்டு லிட்டர் எடுத்துச்சு. சத்தியமா."

"தெரியும். பார்த்திட்டுச் சொல்றேன்."

ஆள் ஏறி நிற்கும் எடைத் தராசில் ஒரு கல்லை வைத்தாள். இருபது. மூன்றையும் வைத்தாள். அறுபது. மூலைக்கு மூலை நகர்த்தி வைத்தாள். அறுபதுதான். மூன்றாம் எண் மெசினை ஆள் இல்லாமல் ஓடவிட்டு, வெளியேறிய நீரை அளவுக் குடுவையில் பிடித்தாள். ஒரு மணி நேரத்துக்கு ஐந்நூறு மில்லி கேட்டாள். ஐந்நூற்று நான்கு வந்தது. மறுபடி ஓட்டினாள். ஐந்நூற்று இரண்டு.

மெசின் சரி. தராசு சரி. அவள் கையெழுத்து சரி. மனசு லேசாகவில்லை.

அப்பாவின் எடைக் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கினாள். பதினான்கு மாதம், வாரத்துக்கு மூன்று முறை. முதல் ஐந்து மாதம் அம்மா கூட வந்தாள். அந்த மாதங்களில் கூடிய எடை 2.4, 3.1, 1.7, 3.6 என்று மேலும் கீழுமாக இருந்தது. பிறகு சுந்தரலிங்கம் கூட்டிவர ஆரம்பித்தார். அதிலிருந்து 2.0, 1.9, 2.0, 1.9. உடம்பிலிருந்து வரும் எண் இப்படி வராது. யாராவது பார்த்துப் பார்த்து நிறுத்தினால்தான் வரும். நடுவில், மாசியில், ஒரே ஒரு நாள் 4.2.

சுந்தரலிங்கம் வெளியே வண்டியோரம் டீ குடித்துக்கொண்டிருந்தார். உள்ளே கூப்பிட்டாள்.

"மாசி மாசம் ஒருநாள் நீங்க வரலையா சித்தப்பா?"

"ஆமா, எங்க கொழுந்தியா மகனுக்குக் காதுகுத்து. அன்னைக்கு உங்கப்பன் பெயிலாகிட்டான்" என்று சிரித்தார். "நாலு மணி நேரமும் கெண்டக்கால் இழுத்துச் செத்தேன்டா, ஏலே, இனி எங்கயும் போகாதன்னு என்னைய ஏசுனான்."

"நீங்க வந்தா மட்டும் அப்பா எப்படிப் பாஸாகுவாக?"

அவர் ஏஞ்சல் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவள் தூரத்தில் இருந்தாள். குரலைத் தாழ்த்தினார். "முந்தி ஆட்டத்துக்கு எடை போடயில செய்றதுதான். அவனுக்கு நான், எனக்கு அவன். ஒருநாளும் மாட்டுனதில்ல."

சிம்ரன் செருப்பைக் கழற்றிவிட்டுத் தராசில் ஏறினாள். 58.4.

"செஞ்சு காட்டுங்க."

"இங்கன வச்சா?"

"காட்டுங்க சித்தப்பா."

அவர் அவளுக்குப் பின்னால் வந்து நின்றார். முழங்கால் போனவரைத் தாங்கிப் பிடிக்கிற மாதிரிதான் இருந்தது. இரண்டு விரலை அவள் முழங்கைக்கு அடியில் கொடுத்தார். 57.8. 57.1. 56.4. அங்கேயே நின்றது.

"இன்னும் கொஞ்சம் தூக்கவா?"

"இறங்கையிலயும் இதே மாதிரியா? போகும்போது போடுற எடைக்கும்?"

"ஆமா. வரும்போது தூக்கிட்டு போகும்போது விட்டா கணக்கு இடிக்குமில்ல? கூடக் காமிச்சா பாவம், ஏஞ்சல் பிள்ள திட்டு வாங்கும்."

"கடைசிச் செவ்வாய்க்கிழமை?"

"அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமதான் எங்க வீட்டுல கறிச்சோறு. திங்கக்கிழம பூராம் தண்ணி தண்ணின்னு குடிச்சுட்டான். செவ்வாக்கிழம ரெண்டு விரல் பத்தல. உள்ளங்கையக் குடுத்தேன்."

அவள் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏத்தா," என்றார். "மெசின்ல ஏதும் கோளாறா?"

"இல்ல சித்தப்பா. காட்டுன எடைக்குச் சரியாத்தான் எடுத்திருக்கு."

"அப்ப மிச்சம்?"

"உள்ளேயே நின்னுருச்சு."

அவர் கை அசையவில்லை. அதே இடத்தில், அதே அழுத்தத்தில் இருந்தது. வெளியே ஒரு பஸ் ஆரன் அடித்துக்கொண்டு போனது.

"கைய எடுங்க சித்தப்பா."

எடுத்தார். 58.4.

அவள் இறங்கிச் செருப்பை மாட்டினாள். அறிக்கையில் மெசின், தராசு இரண்டுக்கும் நேராகச் சரி என்று எழுதினாள். காரணம் என்ற இடத்தில், நோயாளி எடையைக் குறைத்துக் காட்டியிருக்கிறார், பணியாளர் தவறு இல்லை என்று எழுதி, ஏஞ்சலிடம் கொடுத்தாள். எப்படி என்று எழுதவில்லை.

கற்களை அவளே ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து வண்டியில் அடுக்கினாள். சுந்தரலிங்கம் கையில் சாவி இருந்தது. வண்டியில் ஏறாமல் ஓரமாகவே நின்றார்.

"குடுங்க. நான் ஓட்டுறேன்."

அவர் பின்னால் ஏறி உட்கார்ந்தார். எங்கும் பிடித்துக்கொள்ளாமல், கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

"பிடிச்சுக்கங்க சித்தப்பா. ரோடு மோசம்."

அவர் பிடிக்கவில்லை. மார்க்கையன்கோட்டை வரை மெதுவாகவே ஓட்டினாள்.