ஒத்திகையில் சொல்லாத வசனம்

இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் ஒத்திகை என்கிறார்கள். தீயணைப்புக்காரர்கள் ஒத்திகை, காவலர்கள் ஒத்திகை, கல்யாண ஜோடி போட்டோவுக்கு நிற்கக்கூட ஒத்திகை. இந்தச் சொல் நாடக மேடையிலிருந்து இரவல் போனது என்ற நினைப்பே யாருக்கும் இல்லை. 'ஒத்திகை அக்கா' என்று எல்லோரும் கூப்பிடுகிறவளிடம் இதைச் சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"ஒத்துப் பார்க்கிறதுதான் ஒத்திகை. வசனத்தோட வசனம் ஒத்துப் போகணும், காலடியோட வெளிச்சம் ஒத்துப் போகணும். கூட்டம் சேர்த்து விசில் ஊதினா அதுக்குப் பேரு ஒத்திகையா?" என்று சண்டைக்கு நிற்பாள்.

முப்பத்திரண்டு வருடம் ஒரு நாடகக் குழுவில் வசன நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரையும் ஆட்டிவைத்தவள் அவள். ஒருநாளும் மேடை ஏறியதில்லை. குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. நாடகத்தின் கடைசி வசனத்தை ஒத்திகையில் சொல்லக் கூடாது. சொன்னால் நாடகம் விளங்காதாம். அந்த இடம் வந்ததும் அக்கா நோட்டைப் பட்டென்று மூடி, "மிச்சம் அன்னைக்கு" என்பாள். எல்லோரும் டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

அவளுக்கு ஒரே தங்கை, பத்து வயது இளையவள். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் ஒத்திகை அறைக்கு வந்து அக்காவின் காலடியில் தூங்கிப்போகிற குட்டி. அந்தக் குட்டியோடுதான் பதினோரு வருடமாகப் பேச்சில்லை. அம்மா இழுத்துக்கொண்டு கிடந்த அன்று வெளியூரில் நாடகம். முடித்துவிட்டு ஓடி வந்துவிடுகிறேன் என்று அக்கா கிளம்பினாள். வந்தபோது அம்மா இல்லை. "உனக்கு அந்த நோட்டுதான் பெத்த தாய்," என்றாள் தங்கை. அதோடு சரி. தப்பு தன் மேல்தான் என்று அக்காவுக்கு அன்றே தெரியும். வாய்தான் வரவில்லை.

போன மாதம் தங்கையின் மகள் போன் செய்தாள். தங்கைக்கு ஈரல் கெட்டுவிட்டது, டாக்டர்கள் நாள் குறிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கேட்ட கையோடு ஓடியிருக்க வேண்டாமா? இந்த மகராசிக்கு ஒத்திகை இல்லாமல் எதுவுமே வராதே! அதே குழுவில் விளக்குப் போட்டுக்கொண்டிருந்த கணவரை அடுப்படியில் நிறுத்தித் தங்கை ஆக்கினாள். அவர் பாதி தேய்த்த பாத்திரமும் கையுமாகக் குரலை மெலிதாக்கி, "வா அக்கா," என்றார்.

"என் தங்கச்சி இப்படியா நெளிவா? ஒழுங்கா நில்லுங்க."

மூன்று நாள் இந்தக் கூத்து நடந்தது. எல்லாம் பேசி முடித்துக் கடைசியில் "என்னை மன்னிச்சிடு குட்டி" என்று கேட்க வேண்டும். அந்த ஒரு வரியை மட்டும் அவள் சொல்லவே இல்லை.

"ஒரு தடவை சொல்லித்தான் பாரேன்," என்றார் அவர்.

"அதை இங்க சொல்லுவாங்களா? மிச்சம் அன்னைக்கு."

நான்காம் நாள் மத்தியானம் தனியாகப் போனாள். ஆறு கட்டில் போட்ட வார்டு. தங்கை ஜன்னலோரம் கிடந்தாள். கை குச்சியாகிவிட்டிருந்தது. ஆனாலும் பேச்சு நினைத்ததைவிட நன்றாகவே போயிற்று. அம்மாவின் மூக்குக்கண்ணாடி யாரிடம் இருக்கிறது என்று பேசி இருவரும் சிரித்தார்கள், அழுதார்கள். பிறகு அந்த இடம் வந்தது. தங்கை அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவின் கை, மடியில் இருந்த பையைப் பட்டென்று மூடியது.

"மிச்சத்தை நாளைக்குப் பேசலாம்," என்று எழுந்துவிட்டாள்.

பஸ் நிறுத்தத்தில்தான் உறைத்தது. திரும்பி ஓடினாள். பார்வை நேரம் முடிந்துவிட்டது என்று வாசலில் தடுத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை ஜன்னலோரக் கட்டில் வெறுமையாக இருந்தது. நர்ஸ் விரிப்பை உருவிக்கொண்டிருந்தாள்.

"நீங்கதானே நாடகத்து அக்கா? நேத்து சாயங்காலம் பூரா உங்க பேச்சுத்தான். 'எங்க அக்கா இன்னைக்கு ஒத்திகைதான் பார்த்துட்டுப் போறா, கடைசி வசனத்தைச் சொல்லலை பாருங்க, நாளைக்குத்தான் நாடகம்'னு சிரிச்சாங்க. காலைல எழுந்ததும் தலை வாரிவிடச் சொன்னாங்க. வாரிவிட்டேன். கொஞ்ச நேரத்துல..."

அக்கா மெத்தை ஓரத்தில் உட்கார்ந்தாள். "என்னை மன்னிச்சிடு குட்டி," என்றாள். குரல் பிசகாமல்தான் வந்தது.

நர்ஸ் சீப்பை அவள் கையில் கொடுத்தாள். அதில் நாலைந்து நரைமுடி சிக்கியிருந்தது.