ஈவ்லின் மேடம் பார்த்த ஜெர்மன் கார்

சித்தூர் கிரீம்ஸ்பேட்டையில் புதுச் சேலை எடுத்தவர்கள் யாரும் அதை ஈவ்லினிடம் காட்டமாட்டார்கள். "நல்லாருக்குதே" என்றுதான் ஆரம்பிப்பாள். சொன்ன வாய் மூடுவதற்குள் முந்தானையைத் திருப்பி, நூல் பிரிந்த இடத்தில் விரலை வைத்துவிடுவாள். கெட்ட மனசு கிடையாது. இருபத்தெட்டு வருஷமாக இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு விபத்து வண்டிகளைப் பார்த்து எழுதும் சர்வேயர் அவள். எது இந்த இடியில் நசுங்கியது, எது போன வருஷமே நசுங்கியது என்று பிரித்து எழுதுவதுதான் பிழைப்பு. கண் அப்படிப் பழகிவிட்டது.

சர்ச்சுக்கு ஒருமுறை பழைய வேன் ஒன்று வாங்கினார்கள். பிரதிஷ்டை ஜெபத்தில் சபை முழுவதும் கண்ணை மூடியிருக்க, ஈவ்லின் மட்டும் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் "ஆமென்" சொன்னார்கள். அதே மூச்சில் இவள், "பாஸ்டர், சேசிஸ் வெல்டிங் வெச்சது" என்றாள். வேன் திரும்பிப் போயிற்று. நன்றி சொன்னவர் ஒருவரும் இல்லை. அவள் ரிப்போர்ட்டுகளுக்கும் அதே கதிதான். குறைவாக எழுதினாள் என்று வண்டிக்காரர் திட்டுவார், அதிகமாக எழுதினாள் என்று கம்பெனி திட்டும். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரான அவள் கணவர் இன்பசேகரன் மட்டும் எதுவும் சொல்லமாட்டார். சாம்பாரைப் பற்றி அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே உப்பு டப்பாவைப் பக்கத்தில் நகர்த்தி வைத்துவிடுவார்.

போன மாசி மாதம் திருப்பதியிலிருந்து பல் டாக்டர் கோபிகிருஷ்ணன் போன் செய்தார்.

"மேடம், ஒரு கார் பார்த்துட்டேன். ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார், ஐம்பத்தாறு மாடல், ஏர் கூல்டு! குடிபாலாகிட்ட ஒரு மாம்பழக்கூழ் ஃபேக்டரி ஷெட்டுல நிக்குது. நீங்க சும்மா ஒரு ஃபார்மாலிட்டிக்கு வந்து ஓகே சொல்லிட்டா போதும்."

"ஓகே சொல்றதுக்கு நான் எதுக்கு டாக்டர்? உங்க ரிசப்ஷன் பொண்ணே சொல்லிடுமே."

டாக்டர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்.

தண்ணீர் இல்லாமல் காற்றிலேயே ஆறும் இஞ்சினை ஈவ்லின் அதுவரை தொட்டதில்லை. அதே மாதிரி இஞ்சின் உள்ள பழைய ஜெர்மன் பீட்டில் கார்களை வேலூரில் பார்க்கும் மெக்கானிக் ரங்கனைப் போனில் கூப்பிட்டாள். அவர் எதிரில் நிற்பதுபோலக் கத்திப் பேசுகிறவர்.

"ரேடியேட்டரைத் தேடிக்கினு நிக்காதீங்க மேடம், அது கிடையாது. இஞ்சின் பின்னாடி இருக்கும். போனவுடனே அதுமேல கைய வைங்க, சில்லுன்னு இருக்கணும். சூடா இருந்தா, ஸ்டார்ட் ஆகாத வண்டிய முன்னாடியே கிளப்பி வெச்சிருக்கான்னு அர்த்தம். ஃபேன் பெல்ட்டுதான் அதுக்கு உசுரு, அது அறுந்தா இஞ்சின் வெந்துடும். ஃபேன் கூட்டுக்குள்ள எலி கூடு கட்டியிருக்குதான்னு பாருங்க. பெல்ட்டு சுத்தற புல்லிய புடிச்சி உள்ள வெளிய இழுங்க, லொடக்குன்னு ஆடினா விட்டுட்டு வந்துடுங்க."

"எண்ணெய் ஒழுகுமாமே?"

"ஒழுவணும்! ஒழுவலன்னா உள்ள எண்ணெயே இல்லன்னு அர்த்தம்."

இதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு குடிபாலா போய்ச் சேர்ந்தாள். ஃபேக்டரி முதலாளி ஹேமநாத் வெள்ளைச் சட்டையில் வாசலிலேயே நின்றிருந்தார். டாக்டர் அதற்கு முன்பே வந்து ஷெட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். ஹேமநாத் துணியை இழுத்தார். தேய்ந்த சோப்புக்கட்டிபோல வழவழவென்று, தலைக்கு மேல் கூரையில்லாத ரெண்டு சீட்டு சிவப்புக் கார். டாக்டர் ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

ஈவ்லின் நேராகப் பின்பக்கம் போய் மூடியைத் திறந்து கையை வைத்தாள். சுட்டது.

"காலைல ஸ்டார்ட் பண்ணீங்களா?"

"ஒரு பத்து நிமிஷம் மேடம். கெஸ்ட் வராங்களேன்னு."

"ஜுரத்துக்கு மாத்திரை போட்டுட்டு டாக்டர்கிட்ட கூட்டிக்கினு வந்த கதை இது. ஆறட்டும்."

ஆறுவதற்கு ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றாள். அதுவரைக்கும் காருக்கு அடியில் செய்தித்தாளை விரித்தாள். பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றி, முன் மட்கார்டில் வைத்தாள். துருப்பிடித்த இடத்தில் பட்டி பூசி பெயின்ட் அடித்திருந்தால் காந்தம் ஒட்டாது, அதற்காகத்தான். காந்தம் வழுக்கிக் கீழே விழுந்தது.

"இங்க பட்டி" என்று எழுதினாள்.

கதவில் வைத்தாள். விழுந்தது. முன்மூடியில் வைத்தாள். அங்கேயும் விழுந்தது. ஏழாவது முறை விழுந்தபோது ஹேமநாத்துக்குப் பொறுக்கவில்லை.

"மேடம், இது ஜெர்மன் இரும்பு. நம்ம ஊர் காந்தத்துக்கெல்லாம் அடங்காது."

"அலுமினியமா இருக்கும்" என்றார் டாக்டர், ஆசையோடு. "அலுமினியம் பாடின்னா இன்னும் ரேர் மேடம்!"

ஈவ்லின் விரலை மடக்கிக் கதவைத் தட்டினாள். டொப், டொப். இந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். வாரத்துக்கு ரெண்டு நாள் மொட்டைமாடியில், தண்ணீர் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று தட்டிப் பார்க்கிற சத்தம்.

"ஃபைபர்" என்றாள். "தண்ணித் தொட்டி செய்வாங்களே, அதே சரக்கு."

அப்போது பின்னால் டம்ளர்கள் கலகலத்தன. தட்டில் மாம்பழ ஜூஸ் கொண்டுவந்திருந்த ஹேமநாத்தின் மனைவி தேவயானி சிரித்துக்கொண்டிருந்தாள். முதலில் உதட்டைக் கடித்து அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு, காலி மாம்பழக் கிரேட் மேல் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"இருபத்திரண்டு வருஷம் அக்கா" என்றாள் ஈவ்லினைப் பார்த்து. "இருபத்திரண்டு வருஷமா இதை வயித்துல வெச்சிக்கினு இருக்கேன்."

அவள் அப்பா முனிகிருஷ்ணனுக்குப் புத்தூரில் ஃபைபர் பட்டறை. தண்ணீர்த் தொட்டியும் பள்ளிக்கூடத்துச் சறுக்குமரமும் செய்துவந்தவர். ஒரு காலண்டர் படத்தில் இந்தக் காரைப் பார்த்து மயங்கிப்போனார். எங்கிருந்தோ ஒரு பழைய பீட்டிலை வாங்கி, மேல்பாகத்தை அறுத்தெடுத்துவிட்டு, மூன்று வருஷம் உட்கார்ந்து தன் கையால் இந்த உடம்பைச் செய்து மாட்டினார். மகளுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளைக்கே கொடுத்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டில் யாரோ "ஃபாரின் வண்டியா?" என்று கேட்டார்கள். "ஜெர்மன்" என்று அப்பா விளையாட்டாகச் சொன்னார். இஞ்சினும் அடித்தகடும் ஜெர்மன்தானே. சாப்பாட்டுப் பந்தி முடிவதற்குள் ஹேமநாத் அதைச் சித்தூர் முழுக்கச் சொல்லி முடித்திருந்தார்.

"'மாப்ள சந்தோஷமா இருக்காரு, இருக்கட்டும்மா'ன்னாரு நைனா. நான் இன்னா பண்றது?"

"அவர் போனதுக்கு அப்புறமாவது சொல்லியிருக்கலாமில்ல?" ஹேமநாத்தின் குரல் கீச்சென்று வந்தது.

"நீங்க எப்ப பேச்சை நிறுத்தினீங்க, நான் சொல்றதுக்கு?"

அவள் உள்ளே போய் பீரோவிலிருந்து ஆர்.சி. புத்தகத்தை எடுத்து வந்தாள். தொலைந்துபோயிற்று என்று ஹேமநாத் டாக்டரிடம் சொல்லியிருந்த புத்தகம் அது. உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தார், பாவம். பீட்டில், அறுபத்தாறு மாடல் என்று தெளிவாக எழுதியிருந்தது. ஈவ்லின் சீட்டுக்குப் பின்னால் தலையை விட்டு, அடித்தகட்டில் பொறித்திருந்த நம்பரை டார்ச் அடித்துப் படித்தாள்.

"நம்பர் கரெக்டா இருக்குது" என்றாள். அன்றைக்கு அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான்.

டாக்டருக்கு அது ஆறுதலாக இல்லை. தன் காரில் ஏறிக் கண்ணாடியை இறக்கினார்.

"நீங்க வராமலே இருந்திருக்கலாம் மேடம்" என்றார். சண்டைக்காகச் சொல்லவில்லை. ரொம்ப வருத்தமாகத்தான் சொன்னார். புழுதி கிளப்பித் திருப்பதிப் பக்கம் போய்விட்டார்.

ஹேமநாத் ஆபீஸ் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஈவ்லினும் கிளம்பியிருக்கலாம். ஆனால் பாதிப் பார்த்த வண்டியை விட்டுவிட்டுப் போய் அவளுக்குப் பழக்கமில்லை. இஞ்சினும் அதற்குள் ஆறியிருந்தது.

"டார்ச் புடிக்கிறியாம்மா?" என்று தேவயானியைக் கேட்டாள்.

இருவரும் மத்தியானம் ஒரு மணி வரை பார்த்தார்கள். ஃபேன் பெல்ட்டில் விரிசல் விட்டிருந்தது. ஃபேன் கூட்டுக்குள் நிஜமாகவே எலிக்கூடு. மாம்பழ நாரும் மூன்று தேர்தல்களின் நோட்டீஸும் கை கையாக வந்தன. காலடி விரிப்பைத் தூக்கினால், அடித்தகட்டில் துருப்பிடித்த இடத்தில் விரல் உள்ளே போயிற்று. துருப்பிடிக்காத இடத்தில் காந்தம் பட்டென்று ஒட்டிக்கொண்டது. புல்லி ஆடவில்லை. ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்துப் புகை விட்டு இருமி, பிறகு தையல் மிஷின்போல ஓடியது. ஃபேக்டரி முற்றத்தில் ஒரு சுற்று ஓட்டினாள். ரெண்டாவது கியர் கரகரத்தது. செய்தித்தாளில் மூன்று சொட்டு எண்ணெய் இருந்ததைப் பார்த்து, "பரவால்ல, எண்ணெய் இருக்குது" என்றாள்.

டாக்டருக்கு அனுப்ப வேண்டிய ரிப்போர்ட்டைத் தேவயானிக்கு அனுப்பினாள். நாலு பக்கம், இருபத்துமூன்று குறைகள். பாடி மாற்றியதை ஆர்.டி.ஓ. ஆபீஸில் பதிவு செய்யவில்லை என்பது வரைக்கும் எழுதியிருந்தாள்.

திங்கள்கிழமை மத்தியானம் தேவயானி போன் செய்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்து ஈவ்லின் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எடுத்தாள்.

"அக்கா, ஒண்ணுவிடாம படிச்சிட்டேன். பதினாலாவது பாயிண்ட்டு, பிரேக் பைப்பு. அது இங்க கிடைக்குமா, மெட்ராஸ்தான் போவணுமா?"

"நீ… ரிப்பேர் பண்ணப் போறியா?"

"விக்கறதாவே இல்ல. ஆமா, கடைசிப் பக்கத்துல எழுதியிருக்கீங்களே. 'பாடி: கைவேலை. எங்கும் விரிசல் இல்லை. மிக நேர்த்தி.' அதை அவருக்கும் படிச்சிக் காட்டினேன். ரொம்ப தேங்க்ஸ்க்கா."

பேச்சு முடிந்த பிறகும் ஈவ்லின் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்பசேகரன் எட்டிப் பார்த்தார்.

"இன்னா ஆச்சி?"

"ரிப்போர்ட்டுக்கு தேங்க்ஸ் சொல்லுது."

"ராங் நம்பரா இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் தயிர் எடுக்கப் போனார்.

ரங்கன் வேலூரிலிருந்து ரெண்டு ஆட்களோடு வந்து, மூன்று மாதம் வேலை பார்த்தார். சனிக்கிழமைகளில் ஈவ்லினும் போய் நின்றாள். அவர் வைத்த வெல்டிங்கில் குறை கண்டுபிடித்து ரெண்டு முறை கழற்ற வைத்தாள். ஹேமநாத் முதல் ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை. எட்டாம் நாள் லாரி டிரைவர் ஒருவர் காரைப் பற்றிக் கேட்டார்.

"ஜெர்மனா? அவன் ஆயிரக்கணக்குல செஞ்சி தள்ளினான்" என்றார் ஹேமநாத். "இது எங்க மாமனார் ஒத்த ஆளா செஞ்சது. உலகத்துலயே ஒண்ணுதான்."

அதற்கடுத்த வாரம் அந்த மாமனார் ஜெர்மனிக்கே போய்ப் படித்துவந்தவராகிவிட்டார். தேவயானி திருத்தவில்லை.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும், தேவயானி காரை ஓட்டிக்கொண்டு கிரீம்ஸ்பேட்டைக்கு வந்தாள். ஈவ்லின் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். திருப்பதிவரை போய் வருவது என்று பேச்சு. டூல்ஸ் பெட்டியோடு ஹேமநாத் தன் ஜீப்பில் பின்னால் வந்தார். பூதலப்பட்டு தாண்டியதும் காற்றில் ஈவ்லினின் கொண்டை அவிழ்ந்தது. முடிய முடிய அவிழ்ந்தது. நாலாவது முறை விட்டுவிட்டாள்.

பாகாலா தாண்டி மழை பிடித்துக்கொண்டது. கூரை இல்லாத கார். இருவரும் தொப்பலாக நனைந்து ஒரு பெட்ரோல் பங்க்கின் கூரைக்குக் கீழே போய் ஒதுங்கினார்கள். பின்னாலேயே ஜீப்பில் வந்த ஹேமநாத் துளி நனையாமல் இறங்கி, எதிர்க்கடைக்கு ஓடி மிளகாய் பஜ்ஜி கட்டிக்கொண்டு வந்தார். காரின் முன்மூடிமேல் பொட்டலத்தைப் பிரித்து வைத்து மூன்று பேரும் நின்றபடியே தின்றார்கள். பஜ்ஜி உள்ளே வேகவே இல்லை. ஈவ்லின் இன்னொன்று எடுத்துக்கொண்டாள்.