தூய தமிழில் சொன்னால் முறையீடு இலவசம்

நடராசன் செத்தபோது தாலுகா கச்சேரி வாசலில் இரங்கல் கூட்டம் போட்டார்கள். மைக் வைத்து ஆளாளுக்குப் பேசினார்கள். "ஒரு உழவர் தன்னைத் தமிழில் வென்ற கதையை அவரே சொல்லிச் சொல்லி மகிழ்வார்" என்று ஒருத்தர் உருகினார். அந்த உழவரின் பெயர் என்ன என்று யாரும் சொல்லவில்லை. தெரிந்தால்தானே சொல்ல! தெரிந்த நான் பின்வரிசையில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த உழவர் வந்த அன்றைக்கும் மூடிக்கொண்டுதான் இருந்தேன், அந்தக் கோபத்தில்தான் இப்போது எழுதுகிறேன்.

என் பெயர் முகம்மது யூசுப். திருவாரூருக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர், பெயர் வேண்டாம். அங்கே கச்சேரி வாசலில், தூங்குமூஞ்சி மரத்தடியில் நாலு மேசை போட்டிருக்கும். மூன்று மேசையில் மனு எழுதுகிறவர்கள், நாலாவதில் டைப்ரைட்டரோடு நான். எனக்கு அடுத்த மேசை நடராசனுடையது. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு ஒரு வக்கீலிடம் பத்து வருடம் வழக்குக் கட்டுத் தூக்கியவன். கட்சி ஆட்சிக்கு வந்து, மாநிலத்துக்கே பெயர் மாறிய நேரத்தில் அவனுக்குத் தமிழ் பிடித்துக்கொண்டது. நூலகத்தில் இருந்த தடிமனான அகராதிகளை ஒன்றுவிடாமல் புரட்டினான். அதற்கப்புறம் எதைத் தொட்டாலும் அது எந்த ஊரிலிருந்து வந்தது என்று சொல்லாமல் விட மாட்டான்.

நிஜமாகவே சுவையாகத்தான் இருக்கும், பொய் சொல்லக் கூடாது. சாவி, ஜன்னல், அலமாரி, பேனா, பொத்தான் எல்லாம் போர்த்துக்கீசியன் கொண்டுவந்து போட்டவை. துட்டு டச்சுக்காரனுடையது. கக்கூஸும் அவனுடையதுதான். "எங்கிருந்தோ கப்பல் ஏறி வந்து நமக்கு எதைக் குடுத்துட்டுப் போயிருக்கான் பாத்தியா பாய்?" என்று சொல்லி அவன் சிரிக்கிற சிரிப்பில் மரத்துக் காக்கா எல்லாம் பறந்துபோகும். வக்கீல், ஆஜர், ரத்து, வாரிசு எல்லாம் அரபு என்று அவனுக்கு எடுத்துக் கொடுத்தது நான். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஓதப் படித்த புண்ணியம்.

வீட்டிலும் அவன் விடுவதில்லை. சாவி என்று சொன்னால் அவன் மனைவி கமலாம்பாளுக்குப் பதில் வராது, திறவுகோல் என்று கேட்க வேண்டும். ஒருநாள் அந்த அம்மா வீட்டைப் பூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டது. இவன் தேடிப்பிடித்துச் சாவி எங்கே என்று கேட்டிருக்கிறான். அவசரத்தில் அவன் வாயிலேயே சாவி வந்துவிட்டது. "அது போர்த்துக்கீசியன் கிட்டதான் இருக்கும், போயிக் கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் பிராகாரம் சுற்றப் போய்விட்டது அந்த அம்மா. இதையும் அவனே எங்களிடம் சொல்லிச் சிரித்தான். தன்னைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்தவன் கெட்டவனாக இருக்க மாட்டான் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் அந்த அட்டையை மேசையில் வைத்தான். 'தூய தமிழில் சொன்னால் முறையீடு இலவசம்.' விதி இதுதான். வந்தவர் தன் வழக்கை அந்நியச் சொல் கலக்காமல் சொல்ல வேண்டும். ஒரு சொல் கலந்தாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். முடிக்கிற வரைக்கும் நடராசன் பேனாவைத் தொட மாட்டான். வேலை வெட்டி இல்லாத வாத்தியார்களும் வக்கீல் குமாஸ்தாக்களும் வந்து விளையாடித் தோற்றுவிட்டுப் போவார்கள். திருப்பனந்தாளிலிருந்து வந்த ஒரு தமிழாசிரியர் மூன்றாவது வரியில் 'பாக்கி' என்று சொல்லி மாட்டிக்கொண்டார். டீக்கடைக் கூட்டம் முழுக்க எங்கள் மரத்தடிக்கு வந்துவிடும்.

இன்னொரு விதியும் எங்களுக்குள் உண்டு. இது நடராசன் வைத்ததில்லை, எங்களுக்கு முன்னாலிருந்தே வருவது. ஒரு மேசையில் வைத்த தாளை அடுத்த மேசைக்காரன் தொடக் கூடாது. மனு எழுத வருகிற ஆளைப் பிடித்து இழுக்கிற சண்டை வரக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட வழக்கம். அதை மீறியவன் அந்த மரத்தடியில் அப்புறம் உட்கார முடியாது.

மருதையன் வந்தது ஒரு ஐப்பசி மாதம், மழை விட்ட பிற்பகல். மணி இரண்டரை இருக்கும். கூட அவர் பெண்சாதி காத்தாயி, கையில் கஞ்சித் தூக்கு. பதினோரு மைல் நடந்தே வந்திருந்தார்கள். பாலத்துக்கு மேல் தண்ணீர் போனதால் பஸ் இல்லை.

அவர் கொண்டுவந்த தாளை நானும் பார்த்தேன். குத்தகைக்கு உழுகிறவன் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று புதிதாகச் சட்டம் வந்திருந்த நேரம். பெயர் ஏறிவிட்டால் நிலத்தைவிட்டு லேசில் கிளப்ப முடியாது. மருதையன் இரண்டு ஏக்கர் உழுதுகொண்டிருந்தார். நிலத்துக்காரர் துரைராசு, 'இவன் குத்தகைக்காரன் இல்லை, கூலிக்கு உழுகிற என் பண்ணையாள்' என்று எழுதிக் கொடுத்து மருதையன் பெயரை ஏறவிடாமல் செய்துவிட்டார். மேல் முறையீட்டுக்கு முப்பது நாள் தவணை. அன்றைக்கு முப்பதாவது நாள். ஐந்து மணிக்குள் மனுவை உள்ளே கொடுத்தாக வேண்டும்.

"வாங்க, உட்காருங்க" என்றான் நடராசன்.

அதில்தான் அந்த மனுஷன் விழுந்தார். துரைராசு வீட்டில் கொல்லைப்புறத்தில் நின்று பழகியவரை ஒரு வெள்ளைவேட்டிக்காரன் பெஞ்சில் உட்காரச் சொல்கிறான், 'வாங்க' என்கிறான். நடராசன் யாரையும் 'டேய்' என்றதே இல்லை, சுயமரியாதைக்காரன். மருதையன் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து தாளை மேசைமேல் வைத்தார். தாள் வைத்தாயிற்று, இனி அது நடராசன் மேசை வேலை.

"கடைசி நாளுங்க" என்றார் மருதையன்.

"அதான் அஞ்சு மணி வரைக்கும் இருக்கே. இந்த அட்டையப் பாத்தீங்களா? உழவன் வாயிலதாங்க தமிழ் இருக்கு. வாத்தியாருங்க தோத்த ஆட்டத்த நீங்க வெல்லணும். சொல்லுங்க."

"தாசில்தாரு ஆபீசுலேருந்து..."

"ஆகா! தாசில் அரபு, தார் பாரசீகம், ஆபீஸ் ஆங்கிலம். ஒரே மூச்சுல மூணு நாடு சுத்திட்டீங்க!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன். மருதையனும் கூடச் சேர்ந்து சிரித்தார், எதற்கு என்று தெரியாமலே.

மறுபடி ஆரம்பித்தார். "ரெண்டு ஏக்கரு" என்றார். ஏக்கர் இங்கிலீஷ். கொஞ்சம் யோசித்து, "ஆறு மா" என்றார். நடராசன் துள்ளிக் குதித்து மேசையைத் தட்டினான். "பாத்தியா பாய்! பாத்தியா!" அடுத்த வரியிலேயே 'ரசீது' வந்துவிட்டது. பாரசீகம். முதலிலிருந்து. அப்புறம் 'சாகுபடி'. "தெலுங்குங்க. பக்கத்து வீடுதான், ஆனா நம்ம வீடு இல்ல." முதலிலிருந்து. 'வருஷம்' வடமொழி. முதலிலிருந்து. ஒவ்வொரு சொல்லுக்கும் அது வந்த கப்பல், வந்த நவாப்பு, வந்த நூற்றாண்டு எல்லாம் சொல்லி முடிக்கப் பத்து நிமிஷம் ஆகும்.

'மிராசுதார்' வந்தபோது நடராசன் என் பக்கம் திரும்பினான். "பாய், நீயே சொல்லு." எனக்குப் பெருமை பிடிபடவில்லை. மிராசு என்றால் அரபியில் பரம்பரைச் சொத்து, வாரிசு என்பதும் அதே வேரில் வந்த சொல்தான் என்று விளக்கினேன். அப்பன் உழுத மண் கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிற ஒருவரை எதிரில் உட்காரவைத்துக்கொண்டு சொன்னேன். சீ, என்ன புத்தி!

"நடராசா, மணி நாலாச்சு" என்று ஒரு தடவை சொன்னேன்.

"மணி நம்ம சொல்லுதான், நீ கவலப்படாத" என்றான். அதற்கும் ஒரு சிரிப்பு.

மருதையனுக்குத் தொண்டை வறண்டுவிட்டது. காத்தாயி தூக்கைத் திறந்து கஞ்சி ஊற்றிக் கொடுத்தார். நடராசன் அதையும் விடவில்லை. "கஞ்சிய வெள்ளைக்காரன் நம்மகிட்டேருந்துதான் கத்துக்கிட்டுப் போனான், பேரோட. ஆனா அதுக்குக் கடிச்சுக்கறீங்களே மிளகாய், அது கப்பல்ல வந்தது. அதுக்கு முன்னாடி இந்த மண்ணுல மிளகாயே கிடையாது, தெரியுமா?" மருதையன் கையிலிருந்த மிளகாயை ஒருமுறை பார்த்தார். நடராசன் அவருக்குப் பரிசு கொடுக்கிற மாதிரி இன்னொன்றும் சொன்னான். "உங்க சாதிப் பேரையும் அவன் கொண்டுபோயிருக்கான். ஊரு ஒதுக்கினவன் எவனா இருந்தாலும் வெள்ளைக்காரன் மொழியில அந்தப் பேருதான்."

கூட்டத்தில் ஒன்றிரண்டு பேர் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

"பேரைக் கொண்டுபோனவன் எங்கள இங்கயே வுட்டுட்டுப் போயிட்டானுங்களா?" என்று கேட்டார் மருதையன். கேட்டுவிட்டுக் கஞ்சியைக் குடித்து முடித்தார்.

நாலரை மணிக்குக் காத்தாயி என் மேசைக்கு வந்தார். நடராசன் காதில் விழாமல், "நீங்களாச்சும் எழுதிக் குடுங்க பாய். எங்க வூட்டுக்காரரு சொன்னாக் கேக்க மாட்டாரு, ஐயா மரியாதையா உக்காரவச்சிருக்காரு, எந்திரிச்சா நல்லாருக்காதுங்கறாரு" என்றார். டைப்ரைட்டரில் தாள் செருகியிருந்தது. பத்து வரி, கால் மணி நேர வேலை. "அந்த மேசையில வச்ச தாளு தாயி, நான் தொடக் கூடாது" என்று சொன்னேன். அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மருதையன் கண்ணை மூடிக்கொண்டு, வரப்பில் கால் வைத்து நடக்கிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக வைத்துச் சொன்னார்.

"நான் மருதையன். ஆத்துக்கு வடகரையில ஆறு மா. என் அப்பன் உழுதான், அவன் செத்த பொறவு நான் உழுவுறேன், இருபத்திரண்டு ஆண்டா. வெதை என்னுது, எருவு என்னுது, மாடு என்னுது. அறுத்தா, அவரு பங்கை அளந்துட்டுத்தான் என் பங்கைத் தொடுவேன். அளந்ததுக்குத் தாளு கேட்டேன், என் வாய்ச்சொல்லு பத்தாதான்னாரு. இப்ப நான் கூலியாளுன்னு எழுதிக் குடுத்திருக்காரு. கூலி எந்தக் கையால குடுத்தாரு, கேளுங்க. அந்த மண்ணைக் குடுங்கன்னு கேக்கல. நான்தான் உழுவுறேன்னு எழுதுங்க. அவ்வளவுதாங்க."

நடராசனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எழுந்து நின்று மருதையன் கையைப் பிடித்துக் குலுக்கினான். டீக்கடைக்காரர் கை தட்டினார், எல்லாரும் தட்டினார்கள். அதற்கப்புறம்தான் பேனாவைத் திறந்தான். இவ்வளவு அழகான முறையீட்டைக் கிறுக்கித் தள்ள மனசு வரவில்லை என்று முத்து முத்தாக எழுதினான். "சீக்கிரங்க" என்று காத்தாயி இரண்டு தடவை சொன்னார்.

எழுதி முடித்து மருதையன் கைநாட்டு வைத்துவிட்டு ஓடியபோது மணி ஐந்தேகால். உள்ளே குமாஸ்தா தங்கையன் ஜன்னலைச் சாத்திவிட்டார். ஜன்னல் போர்த்துக்கீசியச் சொல், அதுவும் நடராசன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "இன்னிக்கு வந்த மனுவெல்லாம் பெட்டியில போட்டு முத்திரை வச்சாச்சே. நாளைக்குக் காலையில முதல் ஆளா வாங்க" என்றார் தங்கையன். நாளைக்கு முப்பத்தொன்றாவது நாள். நடராசன் ஜன்னலுக்கு வெளியே நின்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். கலப்படத் தமிழில்தான் கெஞ்சினான், பாவி. அன்று கச்சேரி வராந்தாவிலேயே படுத்திருந்து மறுநாள் காலையில் அந்த அழகான மனுவைக் கொடுத்துவிட்டுப் புருஷனும் பெண்சாதியும் நடந்தே ஊருக்குப் போனார்கள்.

நாற்பது நாள் கழித்துக் காத்தாயி மட்டும் தனியாக வந்தார். கையில் அரசாங்கத் தாள். நேரே நடராசன் மேசைக்குப் போய் நீட்டினார். அவன் வாங்கிப் படித்தான்.

"என்ன எழுதியிருக்குங்க?"

"நாள் கடந்து வந்ததால தள்ளுபடின்னு போட்டிருக்கும்மா."

"தள்ளுபடின்னா?"

"செல்லாதுன்னு தள்ளிட்டாங்க."

அந்த அம்மா அழவில்லை, கத்தவில்லை. அந்த அட்டையைப் பார்த்தார். அது அப்போதும் மேசையில்தான் இருந்தது. "தள்ளுபடி எந்த ஊரு வார்த்தைங்க?" என்று கேட்டார்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் அவன். முடியவில்லை. ஒரு நொடி முகம் மலர்ந்துவிட்டது, நான் பார்த்தேன். "நம்ம சொல்லும்மா. தூய தமிழ்" என்றான்.

"சரிங்க. அப்ப நம்ம ஆளுவதான் தள்ளியிருக்காங்க" என்று சொல்லிவிட்டுத் தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார் காத்தாயி.

அட்டையை நடராசன் எடுத்துவிடுவான் என்று நினைத்தேன், எடுக்கவில்லை. தன்னை ஒரு உழவர் வென்ற கதையைப் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான், கைதட்டலோடு கதையை நிறுத்திக்கொள்வான். நானும் அவனைத் திருத்தவில்லை, தினமும் அதே மரத்தடிதானே. துரைராசு எழுதிக் கொடுத்தது அன்றைக்குப் பொய்தான். அடுத்த தை அறுப்புக்கு நான் அந்த வழியாகப் போனபோது, அதே ஆறு மாவில் மருதையன் கூலிக்கு அறுத்துக்கொண்டிருந்தார்.