பச்சை மையில் ஒரு திருத்தம்

என் மேசை இழுப்பறையில் காக்கி அட்டை போட்ட களக் குறிப்பேடு ஒன்று இருக்கிறது. அதில் ஒரு பக்கத்தில், தொழிலாளி ஒருவர் வீட்டுக்குப் போன நேரத்தைக் குறிக்க வேண்டிய இடத்தில், நான் ‘செகண்ட் ஷிப்ட்’ என்று எழுதியிருக்கிறேன். அதைப் பச்சை மையால் அடித்து, மேலே ‘பிற்பகல் 3.30’ என்று திருத்தி, ஓரத்தில் சின்னக் கையெழுத்தும் போட்டிருப்பது எங்கள் மேடம். பச்சை மையில் எழுத அவர் ஒன்றும் அரசு அதிகாரி இல்லை. ஆண்டர்சன்பேட்டை மளிகைக்கடைக் குடும்பத்துப் பெண். கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சின்னத் தொண்டு மையத்துக்குப் பொறுப்பாளர். அந்தப் பேனாவைப் பார்த்த முதல் நாளே அவரை நம்பக்கூடாது என்று முடிவு செய்துகொண்டேன்.

நான் யாரையும் சட்டென்று நம்புகிறவள் இல்லை. அந்த வருடம் அதற்குக் காரணமும் இருந்தது. பெங்களூரில் மனிதாபிமானப் பணி என்ற முதுகலைப் படிப்பில் இருந்தேன். ஓர் அறக்கட்டளை கொடுத்த உதவித்தொகையில்தான் என் கல்லூரிக் கட்டணம் ஓடியது. அதற்கு ஒரு நிபந்தனை: களப்பணியைச் சொந்த ஊரில் செய்யக்கூடாது, வீட்டில் தங்கவும் கூடாது. பழகாத இடத்தில் போய்ப் பழக வேண்டுமாம். எனக்குச் சொந்த ஊர் கோலார் தங்கவயலில் மாரிகுப்பம். சுரங்கத் தூசி தின்ற நுரையீரலோடு அப்பா அங்கே தனியாகக் கிடந்தார். மையங்களின் பட்டியலில் பக்கத்திலேயே இருக்கிற ஆண்டர்சன்பேட்டையைப் பார்த்ததும் கை தானாக அதைத் தேர்ந்தெடுத்துவிட்டது. சொந்த முகவரி கேட்ட இடத்தில் பெங்களூர் சித்தி வீட்டைப் போட்டேன். பகலில் கோலார் தங்கவயலுக்குப் புதிதாக வந்த மாணவி. சாயங்காலம் அப்பாவுக்குக் கஞ்சி வைக்கும் மகள்.

மையத்தின் வேலை, அப்பாவைப் போல நெஞ்சு கெட்டுப்போன பழைய தொழிலாளிகளுக்கு மருத்துவ உதவி கேட்டு விண்ணப்பம் தயாரிப்பது. சம்பளத்துக்கு ஆள் கிடையாது. வருடா வருடம் பல்கலைக்கழகம் அனுப்பும் மாணவர்கள்தான் வீடு வீடாகப் போய் எழுதி வருவார்கள். சுரங்கக் கம்பெனி வரிசையாகக் கட்டிக்கொடுத்த லைன் வீடுகளில் எங்களை யாரும் நம்பவில்லை. “இன்னாத்துக்கு எழுதிக்கினு போற? வூட்டக் காலி பண்ணச் சொல்லவா?” என்று வாசலிலேயே மறிப்பார்கள். கம்பெனி மூடிய பிறகு அந்த வீடுகளில் யாருக்கு என்ன உரிமை என்று தெளிவாகத் தெரியாதவர்கள் வேறு எப்படிக் கேட்பார்கள்? அவர்கள் கேட்டது நியாயம்தான். எனக்கோ பயம் வேறு. அப்பாவைத் தெரிந்தவர்கள் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று துப்பட்டாவை இழுத்து விட்டுக்கொண்டே நடப்பேன்.

மேடம் அதிகம் பேசமாட்டார். கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். “எங்க தங்கியிருக்க?” என்று ஒருநாள் கேட்டார். தெரிந்தவர்கள் வீட்டில் என்றேன். “நல்லாத் தெரிஞ்சவங்களா?” என்று கேட்டுவிட்டு ஃபைலைத் திருப்பினார். அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

அப்புறம்தான் அந்தத் தப்பு நடந்தது. சுரங்கம் மூடிப் பல வருடம் ஆகியும் எங்கள் வீட்டில் கடிகாரம் ஷிப்டில்தான் ஓடியது. காலையில் ஃபர்ஸ்ட் ஷிப்ட், மதியத்துக்கு மேல் செகண்ட் ஷிப்ட். பால்காரர் வருவதைக்கூட அப்பா அப்படித்தான் சொல்வார். ஒரு வெள்ளிக்கிழமை அவசரத்தில் எழுதும்போது அதுவே கையில் வந்துவிட்டது. வெளியூர்ப் பெண் ஒருத்தி அப்படி எழுதமாட்டாள் என்பது குறிப்பேட்டைக் கொடுத்த பிறகுதான் உறைத்தது. மேடம் அந்த வரியில் விரலை வைத்தார். “இது என்னாண்ட இருக்கட்டும். நீ புது நோட்டுல எழுது” என்றார்.

பல்கலைக்கழகத்துக்கு அனுப்பத்தான் வாங்கி வைத்திருக்கிறார் என்று உறுதியாக நம்பினேன். உதவித்தொகை நின்றால் படிப்பு நின்றது. அவர் எழுதுவதற்குள் நான் முந்திக்கொள்ள வேண்டும். அப்புறம் அவர் என்ன சொன்னாலும் பழிவாங்குவதாக ஆகிவிடும். திங்கட்கிழமை துறைக்கு மின்னஞ்சல் போட்டேன். பொறுப்பாளர் களத்துக்கே வருவதில்லை, மாணவர்களைக் கடைக்கு அனுப்பித் தபால் கவர் வாங்கிவரச் சொல்கிறார், பார்க்காமலே கையெழுத்துப் போடுகிறார். கவர் வாங்கப் போனது மட்டும் உண்மை, அதுவும் ஒரே ஒரு முறை. பெயரைச் சொல்லமாட்டோம் என்று பதில் வந்தது.

துறையிலிருந்து இரண்டு பேர் வந்து விசாரித்தார்கள். மேடம் என்னைப் பற்றி அவர்களிடம் எதையும் சொன்னதாகத் தெரியவில்லை. அதையும் சந்தேகப்பட்டேன். மனுஷி எதற்கோ காத்திருக்கிறார் என்று நினைத்தேன். கடைசி நாளில் குறிப்பேட்டைத் திருப்பிக் கொடுத்தார். ரயிலில் பிரித்துப் பார்த்தேன். அந்தத் திருத்தம் இருந்தது. கடைசிப் பக்கத்தில், ‘தங்கும் வீட்டை நேரில் பார்த்தேன். குறை ஏதுமில்லை’ என்று ஒரு வரி, கையெழுத்து, தேதி. என் மின்னஞ்சலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை.

அடுத்த வருடம் அந்த மையம் பட்டியலில் இல்லை. மாணவர்கள் போகவில்லை. விண்ணப்பங்கள் தேங்கின. நான் பட்டம் வாங்கினேன்.

இப்போது அதே பல்கலைக்கழகத்தில் களப்பணி இடங்களை முடிவு செய்கிற மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். போன மாதம், மையத்தை மறுபடி சேர்ப்பதற்கான படிவத்தோடு ஆண்டர்சன்பேட்டைக்குப் போனேன். ‘முன்பு புகார் இருந்ததா? அதன் விவரம்’ என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தேன். மேடத்துக்கு முடி நரைத்திருந்தது. பார்வை மாறவில்லை. நான் தொண்டையைச் செருமுவதற்குள் அவரே சொன்னார்.

“யாரு எழுதினாங்கன்னு அன்னைக்கே தெரியும்மா. கவர் வாங்கினு வான்னு அந்த பேட்ச்சுல உன்னை ஒருத்தியத்தான் அனுப்பினேன்.”

என்னால் தலை நிமிர முடியவில்லை. “அப்போ கடைசிப் பக்கத்துல எழுதின வரியை அடிச்சிருக்கலாமே மேடம்?”

“உங்க அப்பாவப் பாத்துட்டு வந்து எழுதினது. உன்னாண்ட சொல்ல வேணாம்னு அவராண்ட நான்தான் சொன்னேன். இன்னாத்துக்கு அடிக்கணும்? அடிச்சா உனக்கு யாரு ஃபீஸ் கட்டுறது?”

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மேசையிலேயே படிவத்தை விரித்து, காலியாக விட்ட இடத்தில் எழுதினேன்: புகார் பொய். கொடுத்தவள் நான். கையெழுத்துப் போடப் போகும்போது மேடம் தடுத்தார். இவ்வளவுக்குப் பிறகு, பரவாயில்லை விடு என்று சொல்லப்போகிறார் என்று ஒரு நொடி ஆசைப்பட்டேன்.

“இரு” என்று படிவத்தை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை விரல் வைத்துப் படித்தார். பிறகு தன் பச்சைப் பேனாவை என்னிடம் நீட்டினார். போட்டேன். பக்கத்துக் கடைக்கு அவரே எழுந்து போய் ஒரு நகல் எடுத்து வந்து, அதைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார்.