மருமகன் பூசிய திருநீறு

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு வைகாசி மாதம், கல்லடியில் நடந்தது இது. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருக்க வேண்டும். வீடும் வளவும் பெண்ணுக்கு. நான் வாகரைப் பக்கத்தான். ஒரு சூட்கேசோடும், அது நிறைய முழுக்கைச் சட்டைகளோடும் மாமி வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

முழுக்கைச் சட்டைக்குக் காரணம் இருந்தது. கழுத்துக்குக் கீழிருந்து இரண்டு மணிக்கட்டு வரைக்கும், நெஞ்சிலும் முதுகிலும் எனக்குப் பச்சை குத்தியிருக்கிறது. ஊரில் இதைச் சொன்னால் உடனே ஒரு ரவுடியை நினைத்துக்கொள்வார்கள். நானோ ஹோட்டல் குசினியில் வேலை செய்கிறவன். கோழி அறுப்பதைப் பார்க்கவே மனம் வராது. ஆனாலும் பஸ்ஸில் அரைக்கைச் சட்டையோடு ஏறினால் என் பக்கத்துச் சீட் மட்டும் காலியாகவே வரும்.

சுனாமி அம்மாவைக் கொண்டுபோனபோது எனக்கு ஒன்பது வயது. வீடும் சேர்ந்து போனதால் அம்மாவின் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பெரியம்மாதான் வளர்த்தார். இருபது வயதில் ஹிக்கடுவைப் பக்கம் ஒரு ஹோட்டலில் வேலைக்குப் போனேன். ஒருநாள் காலையில் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது அம்மாவின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். வரவில்லை. எவ்வளவு முயன்றும் வரவில்லை. பயந்துபோனேன். அவர் இருந்து துருவுகிற திருவலை மட்டும் நன்றாக ஞாபகம் வந்தது. அதற்கு ஒரு கால் கட்டை. ஆடாமல் இருக்க அம்மா கீழே சிரட்டைத் துண்டு ஒன்று வைப்பார்.

அடுத்த லீவு நாளில் பச்சை குத்துகிற கடைக்குப் போனேன். கடைக்காரப் பொடியன் புலியும் மண்டையோடும் வரைந்து பழகியவன். திருவலை என்றதும் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு, பிடி எப்படி, பல் எப்படி, சிரட்டை எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். ஊசி தோலில் சுட்டுக்கொண்டே போக, நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். சொல்லச் சொல்ல மறந்துபோனதெல்லாம் வந்தது. முகமும் ஒருநாள் வந்துவிடும் என்று நினைத்தேன். அதனால்தான் திரும்பத் திரும்பப் போனேன். அம்மாவின் கண்ணாடி வளையல்கள், கிணற்று வாளி, சோறு குழைத்து உருட்டிப் பிடித்த கை என்று உடம்பு நிறைந்தது. எல்லாவற்றிலும் பெரியது இடது தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஓடுகிற சேலைக்கரை. மாங்காயும் கொடியும் போட்ட கரை. சின்ன வயதில் ஆட்கள் வீட்டுக்கு வந்தால் நான் முகத்தை ஒளிப்பது அதற்குள்தான்.

முகம் மட்டும் வரவே இல்லை.

மனைவிக்கு இதெல்லாம் தெரியும். மாமிக்குச் சொல்லத்தான் எங்கள் இரண்டு பேருக்கும் தைரியம் இல்லை. கல்யாணப் பேச்சு நடந்த நாட்களில் தெருவில் போன ஒரு பொடியனைக் காட்டி மாமி சொன்னாராம், "மேலெல்லாம் கிறுக்கிக்கொண்டு திரியிறவன் குடும்பத்துக்கு ஆகமாட்டான் புள்ள" என்று. அதைக் கேட்டபிறகு எப்படிச் சொல்வது? கச்சான் காற்று அனலாக அடிக்கிற காலத்திலும் நான் மணிக்கட்டில் பொத்தான் பூட்டிக்கொண்டு திரிந்தேன். எனக்குக் குளிர் உடம்பு என்று மாமி, 'மனெ' என்று பெற்ற மகனைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டு, இஞ்சித் தேத்தண்ணி போட்டுத் தருவார். அதைக் குடிக்கும்போது வெட்கமாக இருக்கும். அம்மா இல்லாத எனக்கு அந்த வீட்டில் ஒரு அம்மா கிடைத்திருந்தார். அதைக் கெடுத்துக்கொள்ளத்தான் பயம்.

அப்போதுதான் கண்ணகி அம்மன் சடங்கு வந்தது. சடங்கில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குடிக்கு, அதாவது தாய்வழி வம்சத்துக்கு, உரியது. மாமியின் குடிக்குரிய நாளில் வீட்டு ஆண் ஒருவர் மடைப்பெட்டியைத் தலையில் சுமந்து போக வேண்டும். பழம், பாக்கு, வெற்றிலை, பூ எல்லாம் வைத்து வெள்ளைத் துணியால் மூடிய பெட்டி அது. வருடா வருடம் மாமாதான் தூக்குவார். அந்த முறை அவருக்கு முழங்கால் வீங்கிவிட்டது.

"இந்த முறை மருமகன்தான் தூக்கோணும்" என்றார் மாமி. சொல்லும்போது அவர் முகத்தில் அவ்வளவு பெருமை. கோயிலுக்குப் போகிற ஆண்கள் மேலில் சட்டை போடக்கூடாது என்பது யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

காய்ச்சல் என்று படுத்துவிடலாமா என்று யோசித்தேன். மனைவி விடவில்லை. அவள் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிற ரீச்சர். அறைக்கதவைப் பூட்டிவிட்டு, ஒரு கோப்பை நிறையத் திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து, சுவருக்கு வெள்ளையடிக்கிற மாதிரி என் உடம்பு முழுக்கப் பூசினாள். காய்ந்ததும் இன்னொரு பூச்சு.

"இஞ்ச பாருங்க, ஒண்டும் தெரியல. பக்தி எண்டு நினைப்பாங்க" என்றாள். விஞ்ஞானம் அந்த மட்டில்தான் இருந்தது.

சந்தியில் இருக்கிற பிள்ளையார் கோயிலில் கூடி, அங்கிருந்து பறைமேளத்தோடு அம்மன் கோயிலுக்குப் போவது வழக்கம். பின்னேர வெயில் இன்னும் தணியவில்லை. மற்ற ஆண்கள் மூன்று குறி பூசியிருந்தார்கள். நான் மட்டும் தலை முதல் இடுப்பு வரை வெள்ளை வெளேரென்று நின்றேன். மடைப்பெட்டி இன்னும் பிள்ளையார் முன்னால்தான் இருந்தது. காய்ந்த திருநீறு தோலை இழுத்துப் பிடித்துக் கடித்தது. சொறிந்தால் உதிரும். பல்லைக் கடித்துக்கொண்டு நெளிந்தேன். மேளம் பலமாகப் பலமாக எனக்குப் பயத்தில் கையும் காலும் நடுங்கத் தொடங்கின.

என் உடம்பு நடுங்குவதைப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டார். "புது மருமகனுக்குத் தெய்வம் வருகுது!" என்று ஒரு சத்தம் போட்டார். அவ்வளவுதான். தெய்வம் ஏறுகிறவர்களுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றுவது எங்கள் வழக்கம். எனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் யாரோ ஒரு முழுக் குடத்தைத் தலைவழியே கவிழ்த்தார்கள். ஒன்று போதாதென்று இன்னொன்று.

மேளம் தடுமாறி நின்றது. திருநீறு கரைந்து வேட்டியெல்லாம் வழிய, என் நெஞ்சிலும் கையிலும் இருந்த அத்தனையும் ஊர் முழுக்கப் பார்க்க வெளியே வந்தது. யாரோ சிரித்தார்கள். "ஆத்தே, மனிசனா இது, கோயில் சுவரா?" என்று ஒரு குரல் கேட்டது. மனைவி கூட்டத்துக்குள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த வீட்டில் என் இருப்பு அன்றோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

மாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அடிப்பாரோ என்றுகூட நினைத்தேன். என் இடது கையைப் பிடித்துத் தூக்கி, மணிக்கட்டிலிருந்து தோள் வரைக்கும் பார்த்தார். ஈரத்தில் மாங்காயும் கொடியும் பளிச்சென்று தெரிந்தன. மாமி அதை விரலால் தொட்டுக்கொண்டே போனார், துணிக்கடையில் கரையைத் தொட்டுப் பார்ப்பார்களே, அப்படி.

"இது சேலைக் கரையெல்லா?" என்றார். "யாருட சேலை மனெ?"

"அம்மாட" என்றேன்.

மாமி தன் சேலைத் தலைப்பை எடுத்து என் முகத்தைத் துடைத்தார், நெஞ்சைத் துடைத்தார், அந்தக் கையையும் துடைத்தார். சிரித்தவர்கள் அடங்கிப்போனார்கள். பெண்கள் இரண்டொருவர் எட்டி வந்து கரையைப் பார்த்துவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டார்கள்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீங்க? மேளத்தை அடிங்க. மனெ, நீ பெட்டியத் தூக்கு, அம்மாளுக்கு நேரம் போகுது" என்று மாமி சத்தமாகச் சொன்னார். நான் தூக்கினேன். கோயில் வாசல் வரை அவர் என் பக்கத்திலேயே நடந்து வந்தார்.

சடங்கு முடிந்து சில நாட்கள் போயிருக்கும். நான் வெறும் மேலோடு கிணற்றடியில் நின்றேன். அப்படி நிற்கப் பழகியிருந்தேன். மாமி வந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். வாளியைக் காட்டினேன், திருவலையைக் காட்டினேன். சிரட்டைத் துண்டைப் பார்த்துச் சிரித்தார். பிறகு கிணற்றுக் கட்டில் இருந்துகொண்டார்.

என் மனைவிக்கு ஒரு அண்ணன் இருந்தான். கல்லடிக் கரையில் அதே அலையில் போனவன். அந்த வீட்டில் அவனைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. அன்றுதான் மாமி வாய் திறந்தார்.

"மூத்தவன்ட படமும் ஒண்டும் இல்ல மனெ. ஆறு வயசு. சட்டை போட்டா எப்பவும் ஒரு பொத்தானை மாறிப் பூட்டிருவான். எவ்வளவு சொன்னாலும் கேக்கான். எனக்கும் வயசு போகுது, அதையும் மறந்திருவனோ எண்டு பயமாக் கிடக்கு." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார், "உன்ட மேல்ல அவனுக்கும் கொஞ்சம் இடம் தருவியா?"

என் வலது தோளில் மிச்சமிருந்த இடத்தில் அந்தச் சட்டையைக் குத்த, டவுனில் உள்ள ஒரு கடைக்குப் போனோம். மாமி என் பக்கத்தில் கதிரை போட்டு இருந்துகொண்டார். ஊசியின் சத்தத்துக்கே என் மற்றக் கையை இறுக்கிப் பிடித்தார். நோகுதா, நோகுதா என்று கேட்டபடியே இருந்தார். வரைகிற தம்பி பொத்தான்களை நேராக வரைந்துவிட்டான். "அப்பிடி இல்ல மனெ, நடுவில ஒண்டு மாறிப் போகோணும்" என்று மாமி திருத்தினார். அதைச் சொல்லும்போதே, மகனின் சட்டை என்ன நிறம், காலர் எங்கே கிழிந்திருந்தது, அதை எந்த நூலால் தைத்தார் என்பதெல்லாம் அவருக்கு வரத் தொடங்கியது. நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனார், அழுதார், சிரித்தார். அந்தத் தம்பி இடையில் ஊசியை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

என் அம்மாவின் முகம் எனக்கு இன்றுவரை வரவில்லை. இனி வருமென்றும் நம்பவில்லை. ஆனால் மாமி சோறு போட்டுவிட்டுத் திரும்பும்போது, சில நாள் என் வலது தோளில் கையை வைத்து, மாறிப் பூட்டிய அந்தப் பொத்தானைச் சரி செய்வதுபோல் விரலால் ஒரு தடவு தடவிவிட்டுப் போவார். அந்த நேரம் நான் அசையாமல் இருப்பேன், என்னைத் தடவுகிறாரா அவனைத் தடவுகிறாரா என்று எனக்குத் தெரியாது, தெரிய வேண்டும் என்றும் தோன்றியதில்லை.