காலையில் சரித்திரம், மாலையில் சித்திரம்

இரண்டு படிப்பை ஒன்றாகப் படிக்கிறவனை இரண்டு பக்கத்தாரும் தங்கள் ஆள் இல்லை என்றே நினைப்பார்கள். இதில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ரங்கூனில் எனக்குக் காலையில் கல்லூரியில் சரித்திரம், மாலையில் ஒரு பர்மிய ஓவியரிடம் சித்திரம். ரயில்வே பட்டறை மேஸ்திரியான அப்பா சரித்திரத்துக்கு உடனே சம்மதித்துவிட்டார். சித்திரத்துக்கு மட்டும் ஒரு நிபந்தனை போட்டார்: "வருஷக் கடைசியில ஒரு ஆளைப் பாத்துப் படம் போடு. ஆளு மாதிரி இருந்தா மேல படி. இல்லேன்னா அதை ஏறக்கட்டிடு."

எதிர்காலம்

எங்கள் தெருத் துணிக்கடைக்காரர் கீழக்கரை முஸ்லிம்; அவர்கள் அண்ணனைக் காக்கா என்பதால் எங்களுக்கும் அவர் காக்கா. நான் என்ன படிக்கிறேன் என்று கேட்டார், இரண்டையும் சொன்னேன். கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, நிஜமாகவே என் பிழைப்பைப் பற்றி யோசித்தார். அந்த அக்கறை எனக்குப் பிடித்திருந்தது.

"சித்திரம்னா கடைக்குப் பலகை எழுதலாம், தம்பி. சரித்திரத்தை எங்கே கொண்டுபோய் மாட்டுறது?"

மூக்கு

மாலை வகுப்பில் ஒரு மாதமாக ஒரு ரோமானியச் சக்கரவர்த்தியின் சுண்ணாம்புச் சிலைத் தலையை வரைந்துகொண்டிருந்தேன். கல்லூரிப் பரீட்சையில் அதே ஆள் கேள்வியாக வந்து நின்றார். பழகின முகமாயிற்றே என்ற சந்தோஷத்தில் நெற்றி, தாடை, மூக்கின் சரிவு என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினேன். அவர் செய்த யுத்தங்களுக்கு நேரம் போதவில்லை. வெள்ளைக்காரப் பேராசிரியர் கோபிக்காமல் விடைத்தாளை நீட்டினார்.

"மூக்கு பிரமாதம். இவர் சில யுத்தங்களும் செய்ததாகக் கேள்வி."

மாலை

வருஷக் கடைசி வந்தது. எங்களவர் வீடுகளில் செத்தவர்களைத்தான் சுவரில் மாட்டுவார்கள். ஆகவே உயிரோடிருக்கும் யாரும் என் படத்துக்கு உட்கார ஒப்பவில்லை. நிபந்தனை போட்ட பாவத்துக்கு அப்பாவே உட்கார்ந்தார். முடிந்த படத்தைக் காயட்டும் என்று சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்த ஆணியில் மாட்டிவிட்டுக் கல்லூரிக்குப் போனேன். அம்மாவும் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள்.

திரும்பி வந்தால், நாங்கள் குடியிருந்த மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் எங்கள் வரிசை வீடுகள் மொத்தமும் எங்கள் வாசலில் நின்றது. பக்கத்து வீட்டு முனியம்மா அக்கா படத்தைப் பார்த்து, பட்டறையில் அப்பாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று முடிவு கட்டி, ஒப்பாரியே வைத்துவிட்டாள். யாரோ மாலையும் போட்டிருந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

வேலை முடிந்து வந்த அப்பா கூட்டத்தைக் கண்டு, தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பின்னால் நின்றவரிடம் "யாரு போயிட்டா?" என்று மெதுவாகக் கேட்டார். அழுகை நின்றது. எல்லாரும் வழிவிட்டார்கள். அப்பா படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். என் படிப்பு இன்றோடு சரி என்றுதான் நினைத்தேன். அவர் மாலையைக் கழற்றிவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இத்தனை பேரு அழுதிருக்காங்கன்னா, ஆளு மாதிரிதான்டா இருக்கு. மேல படி."

அப்புறம் என் படங்களுக்கு எத்தனையோ பேர் மதிப்பெண் போட்டார்கள். முனியம்மா அக்காவைப் போல மனதார அழுதவர் ஒருவருமில்லை.